கோர் மாஹியா: சொந்த மைதானம்கூட இல்லாத ஒரு கிளப் ஆப்பிரிக்கக் கோப்பையைத் தூக்கிய கதை

கேள்வி இதுதான்: கென்யாவின் கோர் மாஹியாவைக் கிழக்கு ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய கிளப்புகளில் ஒன்று என்கிறார்கள். 1987-இல் ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதற்குமான கோப்பையையே வென்றிருக்கிறது. அப்படிப்பட்ட கிளப் எங்கிருந்து வந்தது, எப்படி அந்த உயரத்துக்குப் போனது, பிறகு ஏன் அங்கே மறுபடி ஏறவே இல்லை?

நேராகவே சொல்லிவிடுகிறேன். கோர் மாஹியாவுக்கு முதலாளி என்று ஒருவர் எப்போதும் இருந்ததில்லை. கம்பெனி அணியும் இல்லை, ராணுவ அணியும் இல்லை. லூவோ என்ற ஒரு பெரிய மக்கள் கூட்டம் தன்னுடையது என்று நினைத்துக்கொண்ட கிளப் அது. அதன் பலமும் பலவீனமும் இந்த ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. பேப்பரில் இருக்கும் புள்ளிவிவரத்தை மட்டும் பார்த்தால் இது புரியாது, அதனால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

விக்டோரியா ஏரியின் கென்யக் கரைதான் லூவோ மக்களின் மண், கிசுமு அதன் தலைநகரம் மாதிரி. மொம்பாசாவிலிருந்து பிரிட்டிஷ்காரர்கள் போட்ட ரயில் பாதை 1901-இல் கிசுமுவைத் தொட்டது. அந்தத் தண்டவாளத்தைப் போட இந்தியாவிலிருந்து ஆயிரக்கணக்கான கூலிகளைக் கப்பலேற்றிய கதை நமக்குத் தெரியும். பாதை வந்த பிறகு அதே ரயிலில் லூவோ இளைஞர்கள் எதிர்த் திசையில் கிளம்பினார்கள். நைரோபியில் ரயில்வே வேலை, மொம்பாசாவில் துறைமுக வேலை, படித்தவர்களுக்குக் குமாஸ்தா வேலை. புது ஊரில் தங்க இடம், பிள்ளைகளின் பள்ளிச் செலவு, யாராவது இறந்துபோனால் உடலைச் சொந்த ஊருக்கு அனுப்புவது என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள அவர்கள் ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். லூவோ யூனியன் என்று பெயர். 1950-களில் அதன் தலைவராக இருந்தவர், பிற்காலத்தில் சுதந்திர கென்யாவின் முதல் துணை அதிபரான ஒகிங்கா ஒடிங்கா. அந்தச் சங்கத்தின் பெயரிலேயே ஒரு கால்பந்து அணியும் வந்தது.

அந்த மண்ணில் கால்பந்து ஏற்கனவே நன்றாக வேரூன்றியிருந்தது. 1926-இலேயே கென்யாவும் உகாண்டாவும் காஸேஜ் கோப்பைக்கு மோதத் தொடங்கிவிட்டன. அந்தக் கோப்பைக்குப் பெயர் கொடுத்தது ஒரு சோப்பு கம்பெனி, அதாவது அங்கே விளம்பரமும் கால்பந்தும் கைகோத்து நூறு வருடம் ஆகிறது. நைரோபியின் கிழக்குப் பக்கத்தில், ஆப்பிரிக்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய கலோலேனி போன்ற குடியிருப்புகளில் ஞாயிற்றுக்கிழமை என்றால் பந்துதான்.

1963-இல் கென்ய தேசிய லீக் ஆரம்பித்தது. 1964-இல் லூவோ யூனியன் சாம்பியன். ஆனால் 1966, 1967 இரண்டு ஆண்டுகளும் கோப்பை பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. பக்கத்து வீடு என்றால் லூயா மக்கள். அவர்களுடைய அணி அபாலூயா, இன்றைய ஏ.எஃப்.சி. லெபர்ட்ஸ். லூயா தரப்பில் எல்லோரும் ஒரே அணிக்குப் பின்னால் நிற்க, லூவோ தரப்பில் நல்ல ஆட்டக்காரர்கள் லூவோ யூனியனிலும் லூவோ ஸ்டார்ஸிலுமாகப் பிரிந்து கிடந்தார்கள். சேர்ந்தால்தான் கதை நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. 1968 பிப்ரவரி 17-இல் இரண்டும் சேர்ந்தன. புது அணிக்கு லூவோ நாட்டுப்புறக் கதைகளில் வரும் ஒரு மாந்திரீகரின் பெயரை வைத்தார்கள். கோர் மாஹியா நினைத்த மாத்திரத்தில் மறைந்துவிடுவார், உருமாறி வருவார் என்பது கதை. ரசிகர்கள் செல்லமாகக் கூப்பிடும் 'கொகாலோ' என்பதும் அவருடைய வம்சப் பெயரிலிருந்து வந்ததுதான். சேர்ந்த முதல் ஆண்டிலேயே லீக் சாம்பியன் பட்டம்.

இந்த 1968 என்ற வருடத்தைக் கவனிக்க வேண்டும். லூவோ அரசியல் அப்போது இரண்டாகக் கிழிந்து கிடந்தது. ஒகிங்கா ஒடிங்கா 1966-இல் அதிபர் கென்யாட்டாவுடன் முறித்துக்கொண்டு கென்யா மக்கள் யூனியன் என்ற எதிர்க்கட்சியைத் தொடங்கியிருந்தார். இன்னொரு லூவோ தலைவரான டாம் எம்போயா கென்யாட்டாவின் அமைச்சரவையில் செல்வாக்கோடு இருந்தார். இரண்டு பேரின் ஆட்களும் ஒரே மேடையில் ஏற மாட்டார்கள். ஆனால் கோர் மாஹியா ஆட்டத்துக்கு இரண்டு பக்கத்து ஆட்களும் வந்தார்கள். அணிகளை ஒன்றாக்கியதில் எம்போயாவின் கை இருந்தது என்று கிளப்பின் பழைய ஆட்கள் சொல்வது வழக்கம்.

அடுத்த ஆண்டே எல்லாம் தலைகீழானது. 1969 ஜூலை 5-ஆம் தேதி, நைரோபியின் நடுத் தெருவில் ஒரு மருந்துக் கடை வாசலில் எம்போயாவைச் சுட்டுக் கொன்றார்கள். அக்டோபரில் கிசுமுவில் மருத்துவமனை திறக்க வந்த கென்யாட்டாவுக்கு எதிராகக் கூட்டம் கொதித்தது, பாதுகாப்புப் படை சுட்டதில் பலர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து ஒடிங்கா சிறைக்குப் போனார், அவருடைய கட்சி தடை செய்யப்பட்டது. கென்யா நடைமுறையில் ஒரு கட்சி நாடாகிவிட்டது. இனி லூவோ மக்கள் கூட்டம் போட முடியாது, ஊர்வலம் போக முடியாது. ஆனால் பந்து பார்க்கப் போகலாம், மைதானத்தில் தொண்டை கிழியக் கத்தலாம், தங்கள் மொழியில் பாடலாம். அதற்கு எந்தப் போலீஸும் அனுமதிச் சீட்டு கேட்காது. கோர் மாஹியா ஒரு சாதாரண கிளப்பாக இருந்ததெல்லாம் அந்த முதல் ஒன்றரை வருடம்தான் என்பேன்.

இன்றைக்கும் பெரிய ஆட்டம் இருக்கும் நாளில் ரசிகர்கள் நகரின் மோய் அவென்யூவில் கூடுவார்கள். எம்போயா விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் அவருக்கு 2011-இல் சிலை வைத்திருக்கிறார்கள், அதுதான் சந்திக்கும் இடம். பச்சைச் சட்டை, கையில் இலைக் கொத்து, விசில், கொம்பு. அங்கிருந்து ந்யாயோ மைதானத்துக்கோ சிட்டி மைதானத்துக்கோ ஆடிக்கொண்டும் பாடிக்கொண்டும் நடந்தே போவார்கள். போக்குவரத்து நின்றுவிடும். வழியில் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்குவதும் உண்டு. எல்லா ரசிகரும் சாதுக்கள் இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். எழுபதுகளின் கோர் மாஹியா என்றால் கென்யர்கள் சொல்லும் பெயர் ஆலன் திகோ. தொண்ணூறு நிமிடமும் நிற்காமல் ஓடுவார் என்பதால் 'நைன்டி மினிட்ஸ்' என்றே பட்டப்பெயர். முன்களத்தில் வில்லியம் 'செகே' ஊமா, கோலில் ஜேம்ஸ் சியாங்கா. சியாங்காவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2003-இல் தான்சானியாவின் சிம்பா கிளப், நடப்பு ஆப்பிரிக்க சாம்பியனான எகிப்தின் ஜமாலெக்கை வெளியேற்றியபோது பயிற்சியாளராக இருந்தவர் அவர்தான். 1974-இல் ஒரு லீக் பட்டம், 1976-இல் ஒரு தோல்விகூட இல்லாமல் இன்னொன்று. இதற்கிடையில் லூவோ யூனியன் மறுபடி தனியாக முளைத்து 1975 லீக்கை வென்றது. அதோடு விடாமல் 1976, 1977 இரண்டு வருடமும் கிழக்கு மத்திய ஆப்பிரிக்கக் கிளப் கோப்பையையும் தூக்கியது. ஒரே சமூகத்திலிருந்து இரண்டு சாம்பியன் அணிகளை ஒரே சமயத்தில் இறக்கும் அளவுக்கு ஆட்டக்காரர்கள் இருந்தார்கள் என்று அர்த்தம்.

அந்தக் கிழக்கு மத்திய ஆப்பிரிக்கக் கோப்பையின் பட்டியலை ஒருமுறை வரிசையாகப் பார்த்தால் அந்தக் காலம் புரியும். 1976, 77 லூவோ யூனியன். 1978 மட்டும் உகாண்டாவின் கே.சி.சி. பிறகு 1979 ஏ.எஃப்.சி., 1980, 81 கோர் மாஹியா, 1982, 83, 84 ஏ.எஃப்.சி., 1985 மறுபடி கோர் மாஹியா. பத்து வருடத்தில் ஒன்பது முறை கென்யா, அதுவும் இரண்டே சமூகங்களின் அணிகள். உள்நாட்டில் 1979 முதல் 1993 வரை பதினைந்து வருடமும் லீக் பட்டம் கோருக்கும் ஏ.எஃப்.சி.க்கும் வெளியே போகவே இல்லை.

இந்த இருவர் மோதும் ஆட்டத்துக்கு 'மஷெமெஜி டெர்பி' என்று பெயர், சம்பந்திகள் சண்டை என்று வைத்துக்கொள்ளலாம். லூவோக்களும் லூயாக்களும் மேற்குக் கென்யாவில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவர்கள், பெண் கொடுத்துப் பெண் எடுப்பவர்கள். ஒரே வீட்டில் மாமனார் பச்சை, மருமகன் நீலம் என்பது சகஜம். இனப் பெயர்களை விளையாட்டு அணிகள் விட்டுவிட வேண்டும் என்று 1980 வாக்கில் அரசு உத்தரவு போட்டபோதுதான் அபாலூயா, ஏ.எஃப்.சி. லெபர்ட்ஸ் ஆனது. பெயர் மாறியதே தவிர மைதானத்தில் எதுவும் மாறவில்லை. இந்த டெர்பிக்குச் சோகப் பக்கமும் உண்டு. 2010 அக்டோபரில் ந்யாயோ மைதானத்தின் நுழைவாயிலில் ஏற்பட்ட நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். வாசலில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தத் தெரியாததால் போன உயிர்கள்.

ஆப்பிரிக்கக் கண்ட அளவில் கோர் முதலில் வாங்கியது பலத்த அடி. 1979-இல் ஆப்பிரிக்கக் கோப்பை வெற்றியாளர் கோப்பையின் இறுதிப் போட்டிக்குப் போனார்கள். ஒவ்வொரு நாட்டிலும் உள்நாட்டுக் கோப்பையை வென்ற கிளப்புகளுக்கான போட்டி அது. எதிரே கேமரூனின் கேனன் யாவுண்டே, அன்றைய ஆப்பிரிக்காவின் தாதா அணி. நைரோபியில் 0-2, யாவுண்டேயில் 0-6. இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து எட்டு கோல் வாங்கி ஒன்றுகூடப் போடவில்லை. உள்ளூரில் அசைக்க முடியாதவர்கள், ஏரிக்கு அந்தப் பக்கம் போனால் பொடியன்கள் என்ற பேச்சு அன்றிலிருந்து எட்டு வருடம் ஓடியது.

1987-க்குப் பின்னணி கொஞ்சம் முக்கியம். அந்த ஆகஸ்டில் நைரோபியில் ஆப்பிரிக்க விளையாட்டுப் போட்டி நடந்தது. அதற்காகச் சீன உதவியோடு கட்டிய பெரிய மைதானம்தான் கசரானி. அங்கே கால்பந்து இறுதிப் போட்டியில் கென்யா எகிப்திடம் 0-1 எனத் தோற்றது. வட ஆப்பிரிக்காக்காரர்களிடம் நம்மால் முடியாது என்ற எண்ணம் இன்னும் ஆழமாகப் போய் உட்கார்ந்தது. சில மாதம் கழித்து அதே கோப்பை வெற்றியாளர் கோப்பையின் இறுதிக்குக் கோர் மாஹியா வருகிறது. எதிரே துனிசியாவின் எஸ்பெரான்ஸ், அதாவது மறுபடியும் வட ஆப்பிரிக்கா.

பயிற்சியாளர் ஜாக் ஜான்சன் என்ற பிரிட்டிஷ்காரர். கேப்டன் ஆஸ்டின் ஒடுவோர், பட்டப்பெயர் 'மகாமு', பின்களத்தின் சுவர். நடுக்களத்தில் 'ஜமாலெக்' என்று பெயரெடுத்த அப்பாஸ் மகோங்கோ. முன்னால் பீட்டர் டாவோ. உயரமும் தலையால் முட்டும் திறமையும் உள்ள டாவோவைப் பற்றிச் சொல்லச் சொன்னால் அறுபது வயதுக் கென்யர் யாரும் எழுந்து நின்று நடித்தே காட்டுவார். முதல் ஆட்டம் துனிஸில். அங்கே போய் 2-2 என்று டிரா செய்தார்கள். எஸ்பெரான்ஸ் மாதிரியான அணியை அதன் ஊரில் வைத்து இரண்டு கோல் போட்டுவிட்டு வருவது அந்தக் காலத்தில் கிழக்கு ஆப்பிரிக்க அணிகளுக்குக் கனவு.

அந்த இரண்டு கோலின் மதிப்பு இரண்டாவது ஆட்டத்தில்தான் தெரிந்தது. இரண்டு ஆட்டமும் சேர்த்துச் சமமாக முடிந்தால் வெளியூரில் அதிகக் கோல் போட்டவர் வெற்றி என்பது அன்றைய விதி. டிசம்பரில் கசரானியில் நடந்த ஆட்டத்தில் 0-0 என்றாலும் கோருக்குக் கோப்பை, 1-1 என்றாலும் கோப்பை. ஆனால் 2-2 ஆனால் பெனால்டி, அதற்கு மேல் போனால் எஸ்பெரான்ஸுக்குக் கோப்பை. இந்தக் கணக்கைத் தலையில் வைத்துக்கொண்டுதான் மொத்த மைதானமும் உட்கார்ந்திருந்தது. டாவோ கோல் போட்டார், துனிசியர்களும் ஒன்று திருப்பினார்கள், ஆட்டம் 1-1. மொத்தத்தில் 3-3, வெளியூர்க் கோல் கணக்கில் கோர் மாஹியா சாம்பியன். அப்போது சிறையில் இருந்த நெல்சன் மண்டேலாவின் பெயரில் அந்தக் கோப்பை வழங்கப்பட்டதால் கென்யர்கள் இன்றும் அதை 'மண்டேலா கோப்பை' என்றுதான் சொல்வார்கள்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, மற்றவர்கள் எங்கே நின்றுபோனார்கள் என்று பார்த்தால்தான் தெரியும். 1972-இல் உகாண்டா ராணுவத்தின் சிம்பா அணி ஆப்பிரிக்கச் சாம்பியன் கோப்பையின் இறுதிக்குப் போய் கினியின் ஹாஃபியாவிடம் தோற்றது. உகாண்டாவின் எஸ்.சி. வில்லா 1991-இலும் 1992-இலும் இரண்டு வெவ்வேறு இறுதிகளில் தோற்றது. புருண்டியின் விடாலோ 1992-இல் தோற்றது. தான்சானியாவின் சிம்பா 1993-இல் சொந்த ஊரில், ஐவரி கோஸ்ட்டின் ஸ்டெல்லாவிடம் தோற்றது. கென்யா புரூவரீஸ் 1994-இல் தோற்றது. பிறகு கிட்டத்தட்ட முப்பது வருடம் இறுதிப் போட்டி வாசனையே இல்லை. 2023-இல் தான்சானியாவின் யங் ஆப்பிரிக்கன்ஸ், ஆப்பிரிக்காவின் இரண்டாம் நிலைக் கிளப் போட்டியான கூட்டமைப்புக் கோப்பையின் இறுதியில் அல்ஜீரியாவின் யு.எஸ்.எம். அல்ஜரிடம் தோற்றது. இதில் வேடிக்கை என்னவென்றால், 1987-இல் கோரைக் காப்பாற்றிய அதே வெளியூர்க் கோல் விதிதான் அவர்களைக் கவிழ்த்தது. 2025-இல் தான்சானியாவின் சிம்பா மொராக்கோவின் பெர்கானேயிடம் தோற்றது. சூடானின் அல் மெரேக் 1989-இல் வென்றிருக்கிறது, உண்மைதான். ஆனால் சூடானை அரபு வடக்கோடு சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு, இந்தப் பகுதியிலிருந்து கோப்பையோடு வீடு திரும்பிய கிளப் இன்றுவரை கோர் மாஹியா ஒன்றே ஒன்றுதான்.

அப்படியானால் அதற்கப்புறம் என்ன ஆயிற்று? திடீரென்று எதுவும் நடக்கவில்லை. 1990, 91, 93, 95 என்று லீக் பட்டங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் தரையில் ஒரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. எண்பதுகள் வரை கோருக்கு ஆடுபவருக்குச் சம்பளம் என்பது பெரிய விஷயமில்லை. சமூகத்தில் யாராவது ஒரு மேலாளர் ரயில்வேயிலோ ஒரு கம்பெனியிலோ வேலை வாங்கிக் கொடுப்பார். வேலை சோறு போடும், பந்து பெருமை தரும். தொண்ணூறுகளில் கென்யப் பொருளாதாரம் சரிந்து, அரசு நிறுவனங்கள் ஆளைக் குறைத்தபோது இந்த ஏற்பாடு உடைந்தது. மாதாமாதம் சம்பளம் தரக்கூடிய அணிகள் மேலே வந்தன. பீர் கம்பெனியின் டஸ்கர், சர்க்கரை ஆலையின் சோனி, பூந்தோட்டத்தின் ஓசேரியன், ராணுவத்தின் உலின்சி. பதினைந்து வருடம் இரண்டு சமூகங்களுக்குள் சுற்றிய பட்டம் கம்பெனிகளின் கைக்குப் போனது. கால்பந்துச் சங்கத்தில் நடந்த அடிதடி இதோடு சேர்ந்துகொண்டது. ஃபிஃபா 2004-இலும் 2006-இலும் கென்யாவை இடைநீக்கம் செய்தது.

கோர் 1995-க்குப் பிறகு பதினெட்டு வருடம் லீக் வெல்லவில்லை. கீழ்ப் பிரிவுக்கு இறங்கும் ஆபத்துக்கூட வந்து போனது. கூட்டம் வந்தும் காசு இல்லை என்பதுதான் இதில் எரிச்சலான பகுதி. பல்லாயிரம் பேர் வரும் ஆட்டத்தில் வாசலில் ரொக்கமாக வசூலித்தார்கள். அந்த வசூல் கிளப் அலுவலகத்துக்கு வந்து சேரும்போது பாதி மெலிந்திருக்கும் என்பது நைரோபியில் எல்லோரும் அறிந்த ரகசியம். மைதானமோ அரசுடையது, வாடகை கொடுத்தாக வேண்டும். கண்டக் கோப்பை வென்ற கிளப்புக்கு இன்றுவரை சொந்த மைதானம் கிடையாது. ஊரில் எல்லோருக்கும் பொதுவான கோயில் மாடு மாதிரி, எல்லோரும் தட்டிக்கொடுப்பார்கள், யாரும் தீனி போடுவதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

2008-இல் ஆம்ப்ரோஸ் ரேச்சியர் என்ற வழக்கறிஞர் தலைவரானதிலிருந்து மெல்ல நிலைமை திரும்பியது. அவரைப் பற்றி ரசிகர்களிடையே இரண்டு கட்சி உண்டு, அதற்குள் நான் போகவில்லை. நிர்வாகத்தை ஒரு நிலையில் நிறுத்தினார் என்பது மட்டும் உண்மை. சூப்பர்ஸ்போர்ட் தொலைக்காட்சி கென்ய லீக்கை ஒளிபரப்பிப் பணம் கொடுக்க ஆரம்பித்திருந்தது. குரோஷியரான ஸ்ட்ராவ்கோ லோகரூசிச் அணியைக் கட்டினார். 2012-இல் பட்டம் கடைசி நாள் வரை வந்து டஸ்கரிடம் நழுவியது. 2013-இல் ஸ்காட்லாந்துக்காரர் பாபி வில்லியம்சன் கையில் கோப்பை வந்துவிட்டது. பதினெட்டு வருடம் காத்திருந்த கூட்டம் அன்று நைரோபியில் என்ன செய்திருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன். 2014-இலும் பட்டம். 2015-இல் ஃபிராங்க் நட்டால் பயிற்சியில், 1976-ஐப் போலவே ஒரு தோல்வியும் இல்லாமல் பட்டம்.

அந்த 2015 அணியில் ஒல்லியாக, உயரமாக ஒரு பையன் இருந்தான். கல்லூரியில் பொறியியல் படித்துக்கொண்டே ஆடியவன். பெயர் மைக்கேல் ஒலுங்கா. அந்த லீக்கில் மட்டும் 19 கோல். அடுத்த ஆண்டு ஸ்வீடனின் யூர்கார்டென், அங்கிருந்து சீனா, ஸ்பெயினின் ஜிரோனா, பிறகு ஜப்பானின் காஷிவா ரேசோல். 2019-இல் கியோட்டோ அணியை 13-1 என்று நசுக்கிய ஆட்டத்தில் ஒலுங்கா ஒருவரே எட்டு கோல் போட்டார். 2020-இல் 28 கோலோடு ஜப்பானின் முதல்நிலை லீக்கில் அதிகக் கோல் அடித்தவரும் சிறந்த வீரரும் அவரே. கோர் மாஹியாவின் பட்டறையிலிருந்து இந்தத் தலைமுறையில் வெளிவந்த மிகப் பெரிய பெயர் அது. இப்படி ஒருவரை விற்றால் ஐரோப்பாவில் ஒரு நடுத்தரக் கிளப் பல வருடம் ஓட்டிவிடும். கென்யாவில் அந்தக் கணக்கு ஒருபோதும் அப்படி வேலை செய்ததில்லை.

அடுத்து வந்தது சூதாட்டப் பணம். 2014-இல் தொடங்கிய ஸ்போர்ட்பெசா என்ற கென்ய பந்தய நிறுவனம் கோருக்கும் ஏ.எஃப்.சி.க்கும் லீக்குக்கும் ஸ்பான்சர் ஆனது. இங்கிலாந்தின் எவர்டன் சட்டையிலும் அதே பெயர். அதனால் 2017 ஜூலையில் தார் எஸ் சலாமில் எவர்டனும் கோரும் மோதின. பழைய கிளப்புக்குத் திரும்பிய வெய்ன் ரூனி தூரத்திலிருந்து ஒரு கோல் அடிக்க, ருவாண்டாவின் ஜாக் துயிசெங்கே கோருக்காகச் சமன் செய்தார். முடிவில் 2-1 எவர்டன். அடுத்த வருடம் கென்யாவின் நகுருவில் தான்சானியாவின் சிம்பாவை 2-0 என்று வீழ்த்தி, பரிசாக லிவர்பூலுக்கே போய் எவர்டனின் அன்றைய மைதானமான குடிசன் பார்க்கில் ஆடினார்கள். அங்கே 0-4. தோல்வி யாரையும் வருத்தவில்லை. பச்சைச் சட்டை போட்ட லூவோக்கள் இங்கிலாந்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் வந்து சேர்ந்திருந்தார்கள்.

உண்மையான அளவுகோல் 2018-19 கூட்டமைப்புக் கோப்பை. 2019 பிப்ரவரி 3-ஆம் தேதி கசரானியில் ஜமாலெக்கை 4-2 என்று அடித்தார்கள். அந்த வருடம் கோப்பையை வென்றதே ஜமாலெக்தான். குழுச் சுற்றைத் தாண்டிக் காலிறுதிக்கும் போனார்கள். அங்கே பெர்கானே நைரோபியிலேயே 2-0 என்று ஜெயித்து, மொராக்கோவில் 5-1 என்று முடித்துவிட்டது. ஒரு நாள் நெருப்பாக ஆடி ஜாம்பவானைக் கவிழ்க்க முடியும், ஆனால் இரண்டு மாதம் தொடர்ந்து பயணம், ஓய்வு, மாற்று வீரர்கள் என்று சமாளிக்க ஆழம் இல்லை. 1987-க்கும் இன்றைக்கும் இடையே உள்ள தூரத்தை இந்த இரண்டு எதிரணிகளை வைத்தே அளந்துவிடலாம்.

அதே 2019-இல் வரி விவகாரத்தில் அரசோடு மோதிய ஸ்போர்ட்பெசா உரிமத்தை இழந்து ஸ்பான்சர் ஒப்பந்தங்களை எல்லாம் ஒரே நாளில் ரத்து செய்தது. லீக் அணிகளின் எண்ணிக்கையைப் பதினாறிலிருந்து பதினெட்டாக்கிய சண்டையில் சூப்பர்ஸ்போர்ட் 2017-இலேயே போய்விட்டது. ஆக, தொலைக்காட்சிப் பணமும் இல்லை, பந்தயப் பணமும் இல்லை. பிறகு கொரோனா. ஆட்டக்காரர்கள் சம்பளம் கேட்டுப் பயிற்சியைப் புறக்கணிப்பது செய்தியாகக்கூட இல்லாமல் போனது. சம்பள பாக்கி கேட்டு வெளிநாட்டு வீரர்கள் ஃபிஃபாவுக்குப் போனதால் புது வீரர்களை எடுக்கத் தடை வந்தது. பட்டங்கள் மட்டும் விசித்திரமாக நிற்கவில்லை. 2017, 2018, 2019, 2020 தொடர்ந்து நான்கு. 2023-இல் வட அயர்லாந்துக்காரர் ஜொனாதன் மெக்கின்ஸ்ட்ரி பயிற்சியில் இருபதாவது. ஆனால் பாக்கிகளை முடிக்காததால் கிளப் உரிமம் கிடைக்காமல், சாம்பியனாக இருந்தும் அந்த ஆண்டு ஆப்பிரிக்கச் சாம்பியன்ஸ் லீக்குக்குப் போக முடியவில்லை. 2024-இல் இருபத்தொன்றாவது பட்டத்தோடு போனார்கள். முதல் சுற்றில் தெற்கு சூடான் அணியைத் தாண்டினார்கள். அடுத்து எகிப்தின் அல் அஹ்லி, இங்கே 0-3, அங்கே 0-3.

தான்சானியாவோடு ஒப்பிடாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. சிம்பாவும் யங்கா என்று கூப்பிடப்படும் யங் ஆப்பிரிக்கன்ஸும் கோரைப் போலவே மக்கள் கிளப்புகள்தான், ஆனால் ஓர் இனத்தின் கிளப்புகள் அல்ல. நாடே இரண்டாகப் பிரிந்து நிற்கும். அதனால் அங்கே ஒரு பணக்காரர் காசு போட்டால் நாட்டின் பாதி அவருக்கு வாடிக்கையாளர். சிம்பாவுக்கு முகமது டேவ்ஜி, யங்காவுக்கு ஜி.எஸ்.எம். நிறுவனம். 2021-இல் அசாம் (Azam) என்ற தான்சானியத் தொலைக்காட்சி அந்த லீக்குக்குப் பத்து ஆண்டு ஒப்பந்தம் போட்டது. எண்பதுகளில் கென்ய அணிகளிடம் அடிவாங்கிக்கொண்டிருந்தவர்கள் இன்று ஆப்பிரிக்கக் கோப்பைகளின் இறுதிப் போட்டிகளில் நிற்பதற்கு வேறு மாயம் எதுவும் இல்லை. கோருக்கு ஒரு கம்பெனி ஸ்பான்சர் வரும்போதெல்லாம் அதன் விளம்பர மேலாளர் மனதில் ஒரு கேள்வி ஓடும்: இந்தப் பச்சைச் சட்டையைப் போட்டால் மற்ற சமூகங்கள் நம் பொருளை வாங்குமா? யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். ஆனால் பல வருடமாகக் கையெழுத்தாகாமல் போன ஒப்பந்தங்களுக்கு அது ஒரு பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

இந்த இன அடையாளத்தை விட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. அது அவ்வளவு சுலபமில்லை. ஒகிங்காவின் மகன் ரைலா ஒடிங்கா, ஐந்து முறை அதிபர் தேர்தலில் நின்று ஒருமுறையும் அதிபராகாதவர், ஆயுள் முழுக்கக் கோர் மாஹியாவின் புரவலர். 2025 அக்டோபரில் அவர் சிகிச்சைக்காகக் கேரளம் வந்த இடத்தில் இறந்தது நம் செய்திகளிலும் வந்தது. உடல் நைரோபிக்குப் போனதும் மக்கள் பார்வைக்கு வைத்தது கசரானி மைதானத்தில், மறுநாள் அரசு மரியாதை நடந்தது ந்யாயோ மைதானத்தில். இரண்டுமே கோர் தன் பெரிய ஆட்டங்களை ஆடும் இடங்கள். அந்த உறவைத் துண்டித்துவிட்டு ஒரு புது லோகோவும் பங்குப் பத்திரமுமாக ஆரம்பித்தால், ஸ்பான்சர் வரலாம், வாராவாரம் நடந்தே மைதானத்துக்கு வரும் அந்தக் கூட்டம் வராது.

மறுபடி ஒரு 1987 நடக்குமா என்றால், இப்போதைக்கு நடக்காது என்றே சொல்வேன். சாம்பியன்ஸ் லீக்கின் குழுச் சுற்றை எட்டுவதே இவர்கள் இதுவரை செய்யாத காரியம். முதலில் செய்ய வேண்டியதெல்லாம் சலிப்பூட்டும் வேலைகள்: பாக்கிகளை அடைப்பது, உரிமத்தைத் தவறாமல் வாங்குவது, மின்னணு டிக்கெட்டை எல்லா வாசலிலும் கொண்டுவருவது, ரசிகர்கள் எம்-பெசா என்ற செல்போன் பணச் சேவையில் அவசரத்துக்கு அனுப்பும் நூறு இருநூறு ஷில்லிங்கை வருடச் சந்தாவாக மாற்றுவது. அந்தக் கடைசி ஒன்றில் மட்டும் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது. அணி வெளியூர்ப் பயணத்துக்குக் காசில்லாமல் நிற்கும்போதெல்லாம் பணம் வந்து விழுவது செல்போன் வழியாக, சாதாரண ஆட்களிடமிருந்துதான்.